நின்றோட்டமா, வெற்றோட்டமா? ‘ஐடில்’ வேகத்துக்கு ஒரு தமிழ்ச்சொல்

மொழிபெயர்ப்பவர்:

அன்புடையீர், வணக்கம். மோட்டார் வாகனப் பழுதுநீக்கம் பற்றிய பயிற்சி நூலொன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். பதின்மூன்றாம் இயலின் தலைப்பைத் தாண்ட முடியாமல் மூன்று நாள்களாக உட்கார்ந்திருக்கிறேன். முடுக்கியை மிதிக்காதபோதும் எஞ்சின் அணைந்துவிடாமல் தானாக ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் குறைந்த வேகத்தை ‘ஐடில்’, ‘ஐடிலிங்’, ‘ஸ்லோ’ என்றெல்லாம் சொல்கிறோம். சூடேறிய பெட்ரோல் எஞ்சினில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 600 முதல் 900 சுற்றுகள் வரை இருக்கும். அது 1,500க்கு ஏறி, இறங்காமல் அங்கேயே நின்றால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இவ்வியலின் பொருள். என் கைக்கு வந்த பழைய வரைவில் ‘உயர் செயலற்ற வேகம்’ என்றிருக்கிறது. செயலற்ற ஒன்றுக்கு வேகம் எங்கிருந்து வந்தது என்று மாணவர் கேட்டால் என்னிடம் விடையில்லை. அதே வரைவில் ‘வேக்குவம் லீக்’ என்பதற்கு ‘வெற்றிடக் கசிவு’ என்றொரு சொல்லும் வருகிறது. அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

தமிழாசிரியர்:

ஐயா, இதற்கு ‘வெற்றோட்டம்’ என்பதே தகும். வெறுமை என்னும் பண்புப்பெயர் ஈறு கெட்டு, தன்னொற்று இரட்டித்து, ஓட்டத்தோடு புணர்ந்து வெற்றோட்டம் ஆகிறது. வெறுமையும் இலையும் சேர்ந்து வெற்றிலை ஆனது போல. பூவும் காயும் காட்டாமல் இலையை மட்டுமே தருவதால் அது வெற்றிலை. சக்கரத்தைச் சுழற்றாமல் எரிபொருளை மட்டுமே தின்பதால் இது வெற்றோட்டம். அந்த வெற்றிலைதான் மலையாளத்து ‘வெற்றில’ வழியாகப் போர்த்துகீசியர் நாவில் ஏறி, ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. உலகுக்கே சொல் கொடுத்த அடியிலிருந்து ஓர் எஞ்சினுக்குச் சொல் எடுக்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

தாவரவியல் படித்த உறுப்பினர்:

வெற்றிலைக் கொடியும் பூக்கும். ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனிக் கொடிகளில் வரும் என்பதால் நம் கண்ணில் படுவது அரிது, அவ்வளவே.

பணிமனை நடத்துபவர்:

‘வெற்று’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. சக்கரம் சுழலாவிட்டாலும் அந்த எஞ்சின் தன் உராய்வை வென்றாக வேண்டும். ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்பையும் சுழற்ற வேண்டும். ஏசியைப் போட்டால் கம்ப்ரசரையும் இழுக்க வேண்டும், அதற்கு ஈடுகொடுக்கவே பல வண்டிகளில் எஞ்சினை ஆளும் கணினி வேகத்தைச் சற்று ஏற்றியும் விடுகிறது. சுமையே இல்லாத ஓட்டம் என்று படித்துவிட்டு வரும் பையன், ஏசியை அணைக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் வேகத்தைக் குறித்துக்கொண்டு வந்து பழுது என்பான்.

‘வெற்றிடக் கசிவு’ அதைவிட மோசம். கசிவு என்றால் உள்ளே இருப்பது வெளியே வருவது. இங்கே நடப்பது நேர்மாறு. பெட்ரோல் எஞ்சினின் வேகத்தை ஆள்வது காற்று. காற்று வரும் வழியைத் திறந்து மூடும் திராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும் நேரத்தில் அதற்குப் பின்னால், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதியான மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றைவிட மிகக் குறைந்திருக்கும். ஹோஸில் விரிசலோ பேக்கிங்கில் பிளவோ இருந்தால், தட்டைச் சுற்றிக்கொண்டு அவ்வழியே காற்று உள்ளே புகுந்து வேகத்தை ஏற்றிவிடும். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ‘கசிவு’ என்று எங்கோ படித்திருந்தான். 1,400இல் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் ஹோஸ்கள் மேலெல்லாம், பஞ்சரான டியூபுக்குப் பார்ப்பது போல, சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டுக் குமிழி வருமா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். குமிழி எப்படி வரும்? விரிசல் அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸை மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் இடுக்கியால் மெல்ல நெரித்தேன்; வேகம் 800க்கு இறங்கியது. ஹோஸைக் கழற்றி வளைத்தபோது, அடிப்பக்கத்தில் நகக்கண் அளவு வெடிப்பு வாய் திறந்தது. இதைப் பணிமனையில் ‘ஏர் எடுக்குது’ என்போம். காற்று எந்தத் திசையில் போகிறது என்பது அந்த இரண்டு சொல்லிலேயே இருக்கிறது.

சங்க இலக்கியம் பயிலும் உறுப்பினர்:

சோம்பலுக்கு ‘மடி’ என்னும் அருமையான சொல் இருக்க, நாம் வெறுமையைத் தேடிப் போவானேன்? திருக்குறளில் ‘மடியின்மை’ என்று ஓர் அதிகாரமே உண்டு. ‘மடியோட்டம்’ என்று வைக்கலாம். உள்ளே புகும் காற்றுக்கும் ஒரு பழஞ்சொல் தருகிறேன். காற்றுக்குக் ‘கால்’ என்பது பழைய பெயர். வெளியிலிருந்து வருவதால் அதைப் ‘புறக்கால்’ எனலாம்.

பயிற்சிப் பள்ளி ஆசிரியை:

‘புறக்கால்’ என்றால் என் மாணவர்கள் குனிந்து தங்கள் புறங்காலைப் பார்ப்பார்கள். ‘மடியோட்டம்’ என்றால் எஞ்சின் மடிந்துவிட்டது, அதாவது அணைந்துவிட்டது என்றே கொள்வார்கள். நமக்கு வேண்டிய பொருளுக்கு நேர் எதிரானது அது.

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். வேகம் கூடியிருப்பதெல்லாம் பழுதன்று. குளிர்ந்த எஞ்சினை எழுப்பியவுடன் அது 1,200, 1,500 என்று ஓடிவிட்டு, குளிர்நீர் சூடாகச் சூடாகத் தானே இறங்குவது அதன் இயல்பு. சூடான பிறகும் இறங்காததே பழுது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், நலமாக இருக்கும் வண்டியைப் பிரித்துப்போடுவார்கள். முன்னதை ‘சூடேற்ற ஓட்டம்’ என்று தனியே பெயரிடுங்கள். இந்த வேறுபாடு தெரிந்தால்தான் அடுத்த கேள்வி பிறக்கும்: எஞ்சின் சூடாகிவிட்டது என்பது கணினிக்குத் தெரியுமா? குளிர்நீர் வெப்ப உணரியின் மின்தடை 20 பாகை செல்சியஸில் 2,000 முதல் 3,000 ஓம் வரை இருந்து, 80 பாகையில் சில நூறு ஓமுக்கு இறங்குவது வழக்கம். இணைப்பில் களிம்பு பிடித்துத் தடை கூடிப்போனால், கொதிக்கும் எஞ்சினையும் குளிர்ந்தது என்றே கணினி நம்பி, சூடேற்ற ஓட்டத்தை விடாமல் நடத்திக்கொண்டிருக்கும். அப்போது ஹோஸ் ஹோஸாக விரிசல் தேடிப் பயனில்லை. கணினி அறிந்திருக்கும் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரில் வெப்பநிலையைப் பார்த்தாலே போதும்.

மூலச்சொல்லுக்கு ‘நின்றோட்டம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். வண்டி நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது.

தமிழாசிரியர்:

அம்மா, ‘நின்று’ என்பது வினையெச்சம். அது வினைகொண்டு முடிய வேண்டும், ‘ஓட்டம்’ பெயராயிற்றே.

பயிற்சிப் பள்ளி ஆசிரியை:

ஓட்டம் தொழிற்பெயர் ஐயா. வினையெச்சம் அதைக் கொண்டு முடிவதற்குத் தடையில்லை. மேலும், நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் கடைசியானது ‘நின்று பயனின்மை’. அங்கே ‘நின்று’ பெயரோடு நிற்கவில்லையா? ஏழாவது ‘வெற்றெனத் தொடுத்தல்’. தங்கள் வெற்றோட்டத்துக்கும் அங்கே ஓர் இடம் இருக்கிறது.

இன்னோர் உறுப்பினர்:

அதே பட்டியலில் எட்டாவது ‘மற்றொன்று விரித்தல்’. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்களே இருக்கின்றன. ‘ஐடில்’ என்றே எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்? வடசொல்லை எப்படி ஏற்பது என்று தொல்காப்பியமே வழி சொல்லியிருக்கிறது. வண்டியைத் தொடுகிற ஒவ்வொருவர் வாயிலும் புழங்கும் சொல்லை விலக்கிவிட்டு, படித்தவர் நால்வருக்கு மட்டும் விளங்கும் சொல்லை வைப்பது நூலுக்குச் செய்யும் நன்மையாகாது.

தமிழாசிரியர்:

வருகிற சொல்லை எவ்வாறு எழுதுவது என்றுதான் தொல்காப்பியர் சொன்னார்; வாசலைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கச் சொல்லவில்லை. ‘ஐடில்’ வந்தால் ‘ஐடிலிங்’ வரும், பின்னாலேயே ‘ஹை ஐடில்’ வரும். ‘த்ராட்டில்’ என்னாமல் ‘திராட்டில்’ என்று எழுதிய பணிமனை நண்பருக்கு என் நன்றி. அந்த அளவு கூச்சமாவது நமக்கு வேண்டும்.

பணிமனை நடத்துபவர்:

ஐயா, அது கூச்சமன்று, தட்டச்சுப் பழக்கம். அந்தத் தட்டைப் பற்றியும் நூலில் ஒரு வரி வேண்டும். அதில் படிந்த கரியைத் துடைத்த கையோடு வேகம் ஏறிவிடும் வண்டிகள் உண்டு. கரி அடைத்த இடைவெளிக்கு ஈடாகத் தட்டைச் சற்று அதிகமாகத் திறக்கக் கணினி பழகியிருக்கும். கரி போன பிறகும் பழைய பழக்கத்திலேயே திறக்கும். பழகிய அளவை அழித்து மறுபடி கற்க விட வேண்டுமே தவிர, புதுத் தட்டு வாங்க வேண்டியதில்லை.

புகும் காற்றுக்குக் ‘கள்ளக்காற்று’ என்பது என் முன்மொழிவு. கள்ளச்சாவி, கள்ளநோட்டு, கள்ள ஓட்டு என்று சொல்கிறோம். இதுவும் கணக்கில் வராமல் உள்ளே வந்ததுதான். காற்றளவு உணரி உள்ள வண்டியில் இதைக் கண்ணாலேயே காட்டலாம். உணரியைக் கடக்காமல் வந்த காற்றுக்கு எரிபொருள் போதாது என்பதால் ஸ்கேனரில் எரிபொருள் திருத்தம், அதாவது கணினி எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டும் அளவு, கூட்டலில் ஏறி நிற்கும்; 2,500 சுற்றுக்கு முடுக்கினால் முறைப்படி வரும் காற்று பெருகி, களவு வந்த பங்கு சிறுத்து, திருத்தமும் இறங்கும். இறங்கினால் கள்ளக்காற்று என்று எழுதிக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பவர்:

அனைவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்ததில் ‘நின்றோட்டம்’ என்பதற்கு ஐவர், ‘வெற்றோட்டம்’ என்பதற்கு இருவர், ‘ஐடில்’ என்பதற்கு மூவர். ‘மிகை நின்றோட்டம்’ என்று தலைப்பிட்டு, முதல் பத்தியில் மட்டும் ‘பணிமனை வழக்கில் ஐடில்’ என்று சேர்க்கிறேன். ‘சூடேற்ற ஓட்டம்’ அப்படியே போகிறது. ‘கள்ளக்காற்று’ பாடநூலுக்குத் தகாது என்று மேற்பார்வையாளர் கருதுவதால், பாடப் பகுதியில் ‘புறக்காற்று’ என்றும் பயிற்சிக் கேள்விகளில் ‘கள்ளக்காற்று’ என்றும் வைத்திருக்கிறேன். பி0507 என்னும் பழுதுக் குறியீட்டுக்கு ‘நின்றோட்ட வேகம் எதிர்பார்த்ததைவிட மிகை’ என்று விளக்கம் எழுதியாயிற்று.

பணிமனை நடத்துபவர்:

நல்லது. ஆனால் ஓர் ஐயத்தைப் பதிந்து வைக்கிறேன். நியூட்ரலில் இறக்கத்தில் உருளும் கார் நிற்கவில்லை, எஞ்சினோ ஐடிலில் இருக்கிறது. ஜெனரேட்டர் என்றைக்கும் நின்ற இடத்திலேயே நிற்கிறது, முழுச் சுமை இழுக்கும்போதும். அதற்கு ‘நின்றோட்டம்’ என்றால் என்ன பொருள்?

பயிற்சிப் பள்ளி ஆசிரியை:

நிற்பது வண்டியன்று, முடுக்கியை மிதிக்காமல் நிற்கும் கால் என்று கொள்ளலாமே.

பணிமனை நடத்துபவர்:

ஜெனரேட்டருக்கு மிதிக்கிற முடுக்கியும் இல்லை, காலும் இல்லை அம்மா.