மியூசியத்தில் தொங்கும் சிலுவை: உங்களுக்கு நடந்தது என்ன?

திரேஸ்புரத்தான்
நியூயார்க் க்ளாய்ஸ்டர்ஸ் மியூசியம் போனவங்களுக்கு அந்த ஃபுயென்டிடுவேன்யா சேப்பல் தெரியும். ஸ்பெயின்ல இருந்து சுமார் 3,300 கல்லாப் பிரிச்சுக் கொண்டுவந்து அடுக்கினது, நடுவுல மரச்சிலுவை. அம்மாவைக் கூட்டிப்போனேன். நுழைஞ்சதுமே செருப்பைக் கழட்டிட்டு, முந்தானையை முக்காடு போட்டு, கல்தரையில முழங்கால் போட்டுட்டாங்க. பின்னால ஒரு பையன் கையை விரிச்சு, தலையைச் சாய்ச்சு, சிலுவையில தொங்குற மாதிரி போஸ் கொடுக்கிறான். கூட வந்ததுங்க படம் எடுத்துச் சிரிக்குது. ரெண்டு வார்த்தை கேட்டுடலாம்னு திரும்பினேன். அம்மா சட்டையைப் பிடிச்சு, "விளக்கு எங்கப்பா? நற்கருணைப் பேழையைக் காணோமே. ஆண்டவர் இல்லையா இங்க?"ன்னாங்க. நம்ம கோயில்ல நற்கருணை அப்பம் வைக்கிற பேழைகிட்ட அணையா விளக்கு எரியும், ஆண்டவர் இருக்கார்னு அதுதானே அடையாளம். நாலு மாசம் ஆச்சு. பையனைக் கேக்காம விட்டது உறுத்துதா, அம்மாவுக்குப் பதில் சொல்லாம விட்டது உறுத்துதான்னு தெரியல.

மடுமகள்
நான் இத்தாலியில, பலெர்மோவில இருக்கிறன். மகளின்ர வகுப்பில கரும்பலகைக்கு மேல சிலுவை இருக்கு. பெற்றோர் கூட்டம் முடிஞ்சு படியால இறங்கேக்க ஒரு தகப்பன் வந்து, அதைக் கழட்டச் சொல்லி நீங்களும் கையெழுத்து வைப்பீங்கள்தானே எண்டார். என்ர நிறத்தைப் பாத்தே முடிவெடுத்திட்டார். கழுத்தில கிடந்த மடு மாதா பதக்கத்தை வெளியில எடுத்துக் காட்டினன். எனக்குத் தெரிஞ்ச இத்தாலிய மொழி அவ்வளவுதான்! லாவுட்சி எண்ட தாய் இத்தாலிப் பள்ளிச் சிலுவையை எதிர்த்துப் போட்ட வழக்கு தெரியும்தானே. 2009 இல ஸ்ட்ராஸ்பூர்க்கில இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பள்ளியில சிலுவை பிழையெண்டது, 2011 மார்ச் 18 இல பெரிய அமர்வு 15க்கு 2 எண்டு மாத்திச்சு. கோயில்ல எல்லாருக்கும் சந்தோசம். எனக்குத் தீர்ப்பில ஒரு சொல் குத்துது: சிலுவை அடிப்படையில செயலற்ற சின்னமாம்.

நியூஜெர்சி சேவியர்
திரேஸ்புரத்தான், அந்தப் பையன் மேல என்ன கோபம்? 2018-ல் அதே சேப்பலில், அதே சிலுவைக்கு முன்னாடி, பலென்சியாகான்னு ஒரு ஃபேஷன் வடிவமைப்பாளர் செஞ்ச கல்யாண உடுப்பு மாட்டின பொம்மையை நிறுத்தியிருந்தாங்க. பார்த்துட்டுத்தான் வந்தேன். க்ளாய்ஸ்டர்ஸை நடத்துற மெட் மியூசியத்தோட ஃபேஷன் கண்காட்சி அது. அதுக்குச் சுமார் 40 பொருள் கொடுத்ததே வத்திக்கான். ஒன்பதாம் பியுஸ் பாப்பரசரோட மகுடம் உட்பட! அதோட தொடக்க விருந்தான மெட் காலாவில் பாடகி ரிஹானா ஆயர் தொப்பி மாதிரி ஒண்ணு வைச்சுட்டு வந்தார், அப்போ நியூயார்க் பேராயரா இருந்த கர்தினால் டோலனும் விருந்தில் இருந்தார். வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிட்டா வழிப்போக்கனை எப்படித் திட்டுறது? மடுமகள், அது சட்டச் சொல். மறைக்கல்வி மாதிரி வாசிக்காதீங்க.

மடுமகள்
சட்டச் சொல் எண்டு தெரியும். குத்துது எண்டுதான் சொன்னன்.

உபதேசியார் மகன்
எனக்கு நடந்தது சின்ன விஷயம். ஒரு பழம்பொருள் கடையில் திருப்பண்டப் பேழை ஒன்று, அதாவது புனிதரோட எலும்பு மாதிரி எச்சம் வைக்கிற பெட்டி, மெழுகு முத்திரைகூட உடையவில்லை. வாங்கவும் மனசு வரல, விட்டுட்டு வரவும் மனசு வரல. விட்டுட்டுத்தான் வந்தேன்.

தம்பி திரேஸ்புரத்தான், நீங்க மியூசியத்துக்குக் கடிதம் போடுங்க. திருச்சபைச் சட்டம் 1171-ஐக் காட்டுங்க: வழிபாட்டுக்கு அர்ச்சித்த பொருள் தனியார் கையில் இருந்தாலும் மரியாதையாத்தான் நடத்தணும். திருப்பண்டத்தை விற்கவே கூடாதுன்னு 1190 சொல்லுது, அதையும் சேர்த்துக்கோங்க. பொருளோட பதிவு எண் போடுங்க, இல்லேன்னா கடிதம் குப்பைக்குத்தான். கோபத்தைக் காட்டாதீங்க. 2011-ல் அவினியோனில் சுத்தியல் எடுத்துட்டுப் போய் சிலுவையைச் சிறுநீரில் வைச்சு செரானோங்கிற கலைஞர் எடுத்த படத்தை உடைச்சாங்களே, என்ன ஆச்சு? உடைஞ்ச படத்தை அப்படியே காட்சிக்கு வைச்சாங்க. பங்குச் சாமியாரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கோங்க. அப்புறம் அம்மாவைச் செருப்போடவே முழங்கால் போடச் சொல்லுங்க, கல்தரை குளிர் முட்டிக்கு ஆகாது.

திரேஸ்புரத்தான்
கடிதம் எழுதுற எண்ணம் இல்லண்ணே. சேவியர் சொன்ன உடுப்புக் கதை எனக்குத் தெரியாது. அம்மாகிட்ட சொல்லல. நேத்து போன்ல, அந்தக் கோயில்ல விளக்கு வைச்சுட்டாங்களான்னு கேட்டாங்க.