மாசக் கணக்கு போடும்போது நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகாதது: எழுதுங்கள்

கரூர் செல்வி

ஆவணி பிறந்தால் நம்ம பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும். போன ஆவணியில் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம், அடுத்த வாரமே ஒரு காதுகுத்து. சம்பளம் வந்ததும் வாடகை, மளிகை, ஸ்கூல் வேன், கேஸ் என்று தனித்தனிக் கவரில் போட்டு பீரோவில் வைத்துவிடுவேன். மொய்க்கும் ஒரு கவர் உண்டு. அது கல்யாணங்களுக்கே சரியாகப் போய்விட்டது.

காதுகுத்துக்கு 500 போதும் என்றேன். அத்தை எங்கள் கல்யாணத்து மொய் நோட்டை எடுத்து வந்து, மாமா கையெழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். 1001. "அவங்க அன்னிக்கே இவ்வளவு செஞ்சிருக்காங்க. மொய் செலவு இல்ல கண்ணு, கடன்" என்றார். பீரோவைத் திறந்து, கேஸ் கவரில் இருந்த பணத்தை எடுத்து மொய்க் கவரில் வைத்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ‘கேஸ்’ என்று நான் பேனாவில் எழுதி வைத்த கவர் அது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அம்பத்தூர் ரவி

எனக்கு கரண்ட் பில். அக்னி நட்சத்திரத்தில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஏசி இரவெல்லாம் ஓடியது. அப்படியும் தினம் மீட்டரைப் பார்த்து, இரண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டாமல் கட்டிப்பிடித்து வந்தேன். ரீடிங் எடுப்பவர் அந்த முறை சில நாள் தள்ளி வந்தார். மீட்டரைப் பார்த்துவிட்டு, "512 சார்" என்று சாதாரணமாகச் சொல்லி அட்டையில் எழுதினார்.

500-ஐத் தாண்டினால் அந்த 12 யூனிட்டுக்கு மட்டுமா காசு? முதல் 100 இலவசம் அப்படியே இருக்கும். 101-லிருந்து 200 வரைக்குமான சலுகை விலை போய்விடும். அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது உள்ளே அப்பா, "ஏசியை அணைச்சிடுப்பா" என்று குரல் கொடுத்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. எனக்குப் பணம் போனது பெரிசில்லை.

தஞ்சை விசாலம்

செல்வி, உங்கள் அத்தை பக்கம்தான் நான். நோட்டு வீட்டில் இருக்கிறது, பத்திரிகை கைக்கு வந்துவிட்டது, அப்புறம் ஏன் குத்துமதிப்பாக ஒரு கவர்? பத்திரிகை வந்த அன்றே நோட்டைப் பார்த்துத் தொகையை எழுதிவிட்டால் கேஸ் பணத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

எனக்கு நடந்தது தீபாவளிச் சீட்டு. எங்கள் தெருவில் ஒரு அம்மா பிடித்தார், ஐப்பசியில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். பூட்டிய கேட்டுக்கு முன்னால் பூக்காரம்மா சீட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களிடம் எதுவும் பேசாமல் நின்றாள். அவள் பேத்திக்குப் பட்டுப்பாவாடை எடுக்கச் சேர்த்த பணம்.

அதனால் சொல்கிறேன், எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். மாசா மாசம் வருவதை மட்டும் எழுதினால் அது பட்ஜெட்டே இல்லை. வீட்டு வரி அரையாண்டுக்கு ஒரு முறை, வண்டி இன்ஷூரன்ஸ் வருஷத்துக்கு ஒரு முறை, ஜூனில் ஸ்கூல் ஃபீஸ், அப்புறம் தீபாவளி, பொங்கல், மொய். எல்லாவற்றையும் கூட்டி 12-ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாசப் பிறப்பிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். பேங்கில் ஒரு வருஷ ஆர்.டி. போடுங்கள். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. மாசம் 100 ரூபாயில் தொடங்கலாம், ஆனால் அது 5 வருஷக் கணக்கு, தீபாவளிக்கு உதவாது. சீட்டுதான் வேண்டும் என்றால் பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள், 1982-லேயே சட்டம் வந்தாயிற்று. ரவி தம்பி, நீங்களும் கோடை பில்லைத் தையிலிருந்தே சேர்க்க ஆரம்பியுங்கள்.

அம்பத்தூர் ரவி

அம்மா, நான் பில் கட்ட முடியவில்லை என்று எழுதவில்லை. அப்பா ஏசியை அணைக்கச் சொன்னதை எழுதினேன்.

மணலி கலா

விசாலம் அம்மா, 12-ஆல் வகுக்க மாசச் சம்பளம் வேண்டும். என் வீட்டுக்காரர் பெயின்டர், சனிக்கிழமைதான் எங்களுக்குச் சம்பளம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வெளிப்பூச்சு வேலையே கிடையாது. போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை வந்தவர், வழக்கம்போல் பணத்தை டிவி மேல் வைக்காமல் கைகால் கழுவப் போய்விட்டார். சட்டைப் பையைப் பார்த்தேன், டீக்கடைப் பாக்கி போக 200 ரூபாய்.

நல்லவேளை, 15-ஆம் தேதி உரிமைத்தொகை 1000 வந்திருந்தது. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் பாக்கெட் 25. குழம்புக்கு வழி ஆயிற்று. ஆனால் வாடகைக்கு அவர் நண்பரிடம் கைமாத்து கேட்கப் போனார், நான் வாசலில் நின்று பார்த்தேன். முக்கு வரை போய் நின்றுவிட்டு, அப்புறம்தான் திரும்பினார்.

இப்போது வீட்டுக்காரம்மாவிடம் பேசி, வாடகையை வாரா வாரம் பிரித்துக் கொடுக்கிறேன். சித்திரை, வைகாசியில் வேலை ஓயாது. அப்போதே கார்த்திகை வாடகையில் பாதியை வீட்டுக்காரம்மாவிடமே கொடுத்துவிடுகிறேன். அவரும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்.