கியர் காலில் ஆட்டம்: நட் சரியாக இருக்கிறது, ஆனாலும் தட்டுகிறது

வால்சக்கரம்:
வணக்கம். நானே கட்டிய இரண்டு இருக்கை விமானம், வால் சக்கர வகை. முன்னங்கால்கள் இரண்டும் கீழே போகப்போக மெலியும் ஸ்பிரிங் எஃகுத் தண்டுகள். மேல்முனை என்ஜின் மவுண்டில் (என்ஜினைத் தாங்கும் சட்டம்) வெல்டிங் செய்த சாக்கெட்டுக்குள் போகிறது. குறுக்கே ஒரே ஒரு 5/16 அங்குல போல்ட் பிடித்திருக்கிறது.

வருடாந்திரச் சோதனைக்காகத் தூக்கி நிறுத்தி, இடது சக்கரத்தை முன்னும் பின்னும் பிடித்துத் திருகினால் ‘டக் டக்’ என்று ஆடுகிறது. டயர் விளிம்பில் 3 மி.மீ. தேறும். வலது பக்கம் அதில் பாதிகூட இல்லை. நட்டின் டார்க் (இறுக்கும் திருகுவிசை) சரியான அளவில்தான் இருக்கிறது. தரையில் ஓட்டிச் செல்லும்போது (டாக்ஸி) பிரேக் பிடித்தால் இடது பக்கத்திலிருந்து ஒரு தட்டல் காலுக்குத் தெரிகிறது. நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா? மவுண்டையே மாற்ற வேண்டியிருக்குமோ என்றுதான் பயம்.

மேகமூட்டம்:
காலைக் கழற்றி, இரண்டு பரப்பையும் அசிட்டோனால் சுத்தமாகத் துடைத்து, லாக்டைட் 638 பசை தடவிச் செருகிவிடுங்கள். கால் மில்லிமீட்டர் வரை இடைவெளியை அடைக்கும். வேறு எதுவும் தேவைப்படாது.

பழைய ஃபிட்டர்:
தம்பி, நட்டை இறுக்க வேண்டாம். பசையும் இப்போது வேண்டாம். முதலில் ஆட்டம் எந்த இணைப்பில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். சக்கரத்தைப் பிடித்து ஆட்டும்போது வீல் பேரிங், ஆக்சில் போல்ட்டுகள், சாக்கெட், மவுண்டை உடலோடு பிடிக்கும் போல்ட்டுகள் எல்லாம் சேர்ந்துதான் கைக்குத் தெரியும்.

ஒருவர் சக்கரத்தைத் திருகட்டும். நீங்கள் கால் சாக்கெட்டுக்குள் நுழையும் இடத்தில், பாதி விரல் காலிலும் பாதி சாக்கெட்டிலும் படும்படி வைத்துப் பாருங்கள். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அசைவுகூட விரலுக்குத் தெரியும். பிறகு நுண் அசைவை அளக்கும் டயல் கேஜின் காந்த அடியைச் சாக்கெட்டில் ஒட்டி, முள்ளைக் காலின்மேல் நிறுத்தி எண்ணாக எடுங்கள். இதையே ஆக்சிலிலும் சக்கரத்திலும் செய்யுங்கள். தூக்கும்போது மவுண்டைத் தாங்கித் தூக்க வேண்டும், கால் சுமையில்லாமல் தொங்க வேண்டும், வாலைக் கட்டி வைத்திருக்க வேண்டும்.

உங்கள் விவரத்தைப் பார்த்தால் போல்ட் ஓட்டையைத்தான் சந்தேகப்படுகிறேன். பிரேக் பிடிக்கையில் டயரைப் பின்னுக்கு இழுக்கும் விசை காலின் அச்சுக்குத் தள்ளி விழுகிறது. அது காலைத் திருக்கப் பார்க்கும். சாக்கெட்டும் உருண்டை, காலும் உருண்டை, ஆகவே அந்தத் திருக்கைத் தடுக்க ஒரே ஒரு போல்ட்தான் இருக்கிறது.

இனி கணக்கு. சாக்கெட்டில் கால் 32 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், போல்ட் தாங்கும் இடம் மையத்திலிருந்து 16 மி.மீ. ஐந்து அங்குல வீலின் 5.00-5 டயரின் விளிம்பு ஏறக்குறைய 180 மி.மீ. தூரத்தில். ஓட்டையில் 0.1 மி.மீ. இடைவெளி டயரில் 1.1 மி.மீ. ஆகிவிடும். உங்கள் 3 மி.மீ. முழுக்க அங்கிருந்தே வந்தால் ஓட்டையில் 0.27 மி.மீ. இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சாதாரண ஏ.என்.5 (5/16 அங்குல விமான) போல்ட்டின் தண்டு 7.85 முதல் 7.92 மி.மீ. வரைதான் இருக்கும். ஓட்டை துல்லியமாக 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ. என்றாலும், புதிதாகச் சேர்த்த அன்றே 0.09 மி.மீ. வரை தளர்வு வரலாம். வலது பக்கம் கொஞ்சம் ஆடுவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். கொஞ்சம் ஆடினாலும் ஒவ்வொரு பிரேக்கிலும் போல்ட் ஓட்டைச் சுவரைச் சுத்தியல்போல் அடிக்கும். அடிக்க அடிக்க ஓட்டை நீளும்.

நட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் சாக்கெட்டின் சுவர் காலோடு அமுங்கி, சில தரையிறக்கங்களுக்கு உராய்வு பிடிக்கும். பிறகு பழையபடி ஆடும். நடுவில் போல்ட் தேவையில்லாமல் இழுபட்டிருக்கும். இழுவைக்கான முழு நட்டுக்கு 5/16 அளவில் 100 முதல் 140 அங்குல-பவுண்டு. குறுக்கு விசைக்கு மட்டுமான மெல்லிய ஷியர் நட் என்றால் 60 முதல் 85. உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேகமூட்டம் சொன்ன 638 நல்ல பொருள். ஆனால் அது உருண்டைப் பரப்புகளுக்கு நடுவே இருக்கும் சீரான இடைவெளிக்கு உரியது. நீண்டுபோன ஓட்டையில் போல்ட்டின் அடியைத் தாங்க அதை நம்ப மாட்டேன். பின்னாளில் கழற்ற 250 டிகிரி சூடு வேண்டும். பதப்படுத்திய ஸ்பிரிங் எஃகின்மேல் டார்ச் சுடரைக் காட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

வால்சக்கரம்:
மிக்க நன்றி அண்ணா. விரலை வைத்ததுமே தெரிந்துவிட்டது, சாக்கெட்டில்தான். டயல் கேஜில் 0.25 மி.மீ. காட்டியது. ஆக்சிலும் பேரிங்கும் அசையவில்லை. போல்ட்டை உருவியதும் செம்பழுப்புத் தூள் கொட்டியது. காலின் ஓட்டை வட்டமாக 7.95 இருக்கிறது. சாக்கெட் ஓட்டை சுற்றுவாட்டில் 8.08, மேல்கீழாக 7.95. போல்ட் 7.88. விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை. இனி என்ன செய்வது?

பழைய ஃபிட்டர்:
கணக்கு ஒத்துப்போகிறது: சாக்கெட்டில் 0.20, காலில் 0.07. செம்பழுப்புத் தூள் எஃகும் எஃகும் உரசியதற்குச் சாட்சி. மவுண்டை மாற்ற அவசியமில்லை. விரிசலை மட்டும் கண்ணை நம்பி விடாமல், வெல்டிங்கைச் சுற்றியும் ஓட்டையைச் சுற்றியும் சாயம் ஊடுருவும் சோதனை செய்துவிடுங்கள்.

பிறகு துல்லிய அளவு விமான போல்ட்டான என்.ஏ.எஸ்.6605 வரிசையில் ‘எக்ஸ்’ எழுத்து சேர்ந்த போல்ட் வாங்குங்கள். தண்டு 1/64 அங்குலம் பெரிது, 8.31 மி.மீ. அருகில் வரும். மரை பழைய அளவுதான், ஆகவே நட் அதே நட். நீண்டுபோன 8.08 முழுதும் அதற்குள் அடங்கி, ஓட்டை மறுபடி வட்டமாகும். ஓட்டைக்கும் சாக்கெட் விளிம்புக்கும் நடுவே போதிய உலோகம் மிஞ்சுமா என்பதை மட்டும் கிட் வடிவமைப்பாளரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். போல்ட் கைக்கு வந்ததும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதன் பிறகே ரீமர் (ஓட்டையைத் துல்லியமாகப் பெரிதாக்கும் கருவி) வாங்குங்கள். இடைவெளி 0.02 மி.மீ.க்குள் நிற்க வேண்டும், போல்ட் கைச்சுத்தியலின் மெல்லிய தட்டலில் போக வேண்டும்.

ரீமர் வேலையில் அவசரம் ஆகாது. காலை முழுக்கச் செருகி, சக்கரத்தின் திசையைச் சரிபார்த்து, அசையாமல் கட்டிவிட்டு, சாக்கெட்டையும் காலையும் சேர்த்தே ஒரே வாட்டில் ரீம் செய்யுங்கள். தனித்தனியாகச் செய்தால் இரண்டு ஓட்டைகளும் நேர்கோட்டில் வராது. நீண்ட ஓட்டையில் ரீமர் தளர்ந்த பக்கமே சாயப் பார்க்கும். அதனால் சாக்கெட்டின்மேல் இறுகக் கட்டும் வழிகாட்டி புஷ் (ரீமரை நேராகப் பிடிக்கும் குழல்) ஒன்று கட்டாயம் வேண்டும். கால் கடினமான எஃகு, சாக்கெட் மென்மையானது. ஆகவே கோபால்ட் ரீமர், தாராளமாக வெட்டு எண்ணெய், கையால் மெதுவாக. அளவை ஒரே தடவையில் எடுக்காமல் படிப்படியாக ஏறுங்கள். வெளியே எடுக்கும்போதும் வலப்பக்கமாகவே சுற்றுங்கள். பின்னுக்குச் சுற்றினால் ரீமரின் வெட்டுமுனை உடையும், ஓட்டைச் சுவரிலும் கீறல் விழும்.

போல்ட்டின் நீளமும் முக்கியம். ஓட்டைச் சுவரைத் தாங்குவது வழவழப்பான தண்டாக இருக்க வேண்டும், மரையாக இருக்கக் கூடாது. செருகும் முன் கிரீஸ் தடவுங்கள். வலது காலுக்கும் இறுக்கமான போல்ட் போட்டுவிடுங்கள், அங்கே ஓட்டை இன்னும் வட்டமாக இருந்தால் பெரிய அளவு தேவைப்படாது.

ஓட்டக்காற்று:
ஒரு சந்தேகம். எனக்கு இதே மாதிரிக் கால்கள். தரையில் ஓடும்போது நடு வேகத்தில் கால் முன்னும் பின்னும் அதிர்கிறது. இதையும் போல்ட் மாற்றிச் சரிசெய்யலாமா?

பழைய ஃபிட்டர்:
தூக்கி நிறுத்தித் திருகினால் தட்டுகிறதா? தட்டவில்லையென்றால் உங்களுடையது வேறு வியாதி. தண்டே வளைந்து நிமிரும் அதிர்வு அது. டயரைச் சமன்படுத்துங்கள், காற்றழுத்தத்தைச் சற்று மாற்றிப் பாருங்கள். அதிலும் அடங்காவிட்டால் காலின் பின்பக்கம் மரச்சட்டம் வைத்து கண்ணாடி இழை சுற்றுவது பலரும் செய்வது. போல்ட்டைத் தொட வேண்டாம்.

வால்சக்கரம் தம்பிக்கு இன்னொன்று: நட்டின்மேல் டார்க் சீல் கோடு (நட் நகர்ந்தால் காட்டிக்கொடுக்கும் பெயின்ட் கோடு) போட்டு வையுங்கள். முதல் சில தரையிறக்கங்களுக்குப் பிறகு கோடு விலகியிருக்கிறதா, சாக்கெட் வாயில் செந்தூள் தெரிகிறதா என்று பாருங்கள். தூள் மறுபடி வந்தால் காலும் சாக்கெட்டும் பொருந்தும் இடத்திலேயே தளர்வு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது 638 பற்றிப் பேசலாம்.