டிக் டிக் சத்தம் போடும் பேக்கப் ஹார்டு டிஸ்க்: ஆச்சியின் பாட்டுகளை மீட்க வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஆச்சி பாடிய தாலாட்டு, ஒப்பாரி என்று 43 ஒலிப்பதிவுகள் ஒரு 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. போன மாதம் லேப்டாப்பில் விண்டோஸை மறுபடி போட்டபோது, பேக்கப்தான் இருக்கிறதே என்று லேப்டாப்பில் இருந்தவற்றை அழித்துவிட்டேன். லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் டிரைவ்). அழித்த இடத்தைத் தானே காலி செய்யும் டிரிம் ஓடியிருக்கும், அங்கே தேடிப் பயனில்லை. ஆச்சியும் இப்போது இல்லை.

செவ்வாய்க்கிழமை டிஸ்க்கைச் செருகியதும் டிக் டிக் என்று சத்தம். இரண்டு முறை டிரைவ் தெரிந்தது. ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. கேன்சல் கொடுத்துக் கழற்றிவிட்டேன். செக் டிஸ்க் (டிஸ்க் பிழைகளைத் தேடும் விண்டோஸ் கருவி) எதுவும் ஓட்டவில்லை. யூஎஸ்பி முனை போர்டோடு சேர்ந்த வகை என்பதால் வேறு கேஸில் போட்டுப் பார்க்கவும் வழியில்லை.

திருநெல்வேலியில் ஒரு கடையில், "இங்கேயே திறந்து பாத்துடலாம் சார்" என்றார்கள். தூசி பட்டால், உள்ளே தகவல் பதிந்திருக்கும் தட்டில் கீறல் விழுமே, கொடுக்க மனசு வரவில்லை.

ஹெட் (தட்டைப் படிக்கும் பாகம்) மாற்றித் தரும், கிளீன் ரூம் (தூசியில்லாத அறை) உள்ள இடத்தில் யாராவது கொடுத்து மீட்டிருக்கிறீர்களா? எவ்வளவு ஆனது? மீட்க முடியாவிட்டாலும் பணம் கேட்பார்களா? அப்புறம், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ (பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் மென்பொருள்) போட்டு ஒரே ஒரு முறை இமேஜ் (டிஸ்க்கின் முழு நகல்) எடுத்துப் பார்க்கலாமா, இல்லை இந்தச் சத்தத்தோடு கரண்டே கொடுக்கக் கூடாதா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அதுவரை டிஸ்க்கைத் தொடமாட்டேன்.