மூன்றடுக்கு கேக்கின் உள்ளே எந்தத் தாங்குகோலை வைப்பது?

கேள்வி: திருச்சி வீட்டு அடுமனை

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுத்து வருகிறேன். வரும் மே மாதம் புதுக்கோட்டையில் நடைபெறவுள்ள திருமண வரவேற்பு ஒன்றுக்கு 10, 8, 6 அங்குல அளவுகளில் மூன்றடுக்கு கேக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் அடுக்கும் 4 அங்குல உயரம். கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சு) பூசி, அதன்மேல் ஃபாண்டன்ட் (சர்க்கரை மாவுத் தகடு) போர்த்தப் போகிறேன். மொத்த எடை 7 கிலோவை நெருங்கும். மண்டபத்தில் அடுக்குவதற்கு இடமும் நேரமும் இராது என்று சொல்லிவிட்டதால், அடுக்கிய நிலையிலேயே காரில் கொண்டுபோக வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்குச் செய்த ஈரடுக்கு கேக்கில், கபாப் செருகும் மூங்கில் குச்சிகள் ஆறை ஊன்றியிருந்தேன். மூன்றாவது வேகத்தடையைத் தாண்டியபோது மேலடுக்கு ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. பிரித்துப் பார்த்தபோது ஒரு குச்சிகூட முறிந்திருக்கவில்லை. ஆறும் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. அந்தத் தாயார் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை என்றாலும், அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மரத்தாலான டௌவல் குச்சி (உருண்டையான கம்பு), உள்ளே வெற்றிடமுள்ள பிளாஸ்டிக் குழாய், பபிள் டீக்குப் பயன்படும் தடித்த ஸ்ட்ரா ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? எத்தனை வைப்பது? நடுவில் ஒரு நீண்ட கம்பு கட்டாயம் வேண்டுமா?

மறுமொழி 1: கோவை கேக் பயிற்சியாளர்

சகோதரி, உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. குச்சிகள் முறியவில்லை, சாய்ந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் அடுக்கு கேக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் விழுகின்றன. 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள குச்சியைச் செங்குத்தாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் உறுதி ஸ்பான்ஜுக்குக் கிடையாது. வண்டி ஒருமுறை குலுங்கினால் குச்சி கேக்கைக் கிழித்துக்கொண்டு சாயும், சாய்ந்தது தானாக நிமிராது. ஆகவே எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடத் தடிமனைக் கூட்டுவதே முக்கியம்.

ஒவ்வோர் அடுக்கும் அதன் அளவுக்கேற்ற தனி போர்டில் இருக்க வேண்டும். அந்த போர்டு மேசைப் பலகை என்றால், கீழடுக்கில் ஊன்றப்படும் குழாய்கள் அதன் கால்கள். எடை பலகையிலிருந்து கால்களுக்கும், கால்களிலிருந்து அடிப் பலகைக்கும் போய்விடுகிறது. இடையிலுள்ள கேக் எதையும் சுமப்பதில்லை. போர்டு இல்லாமல் குச்சிகளை மட்டும் ஊன்றுவதில் பயனே இல்லை, ஏனெனில் அவை மேலடுக்கைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும்.

உங்கள் கேக்குக்கு அரை அங்குல விட்டமுள்ள, உணவுத் தரம் வாய்ந்த பிளாஸ்டிக் குழாய்களையே நான் தேர்ந்தெடுப்பேன். 10 அங்குல அடுக்கில் ஆறு, 8 அங்குல அடுக்கில் நான்கு போதும். கீழடுக்கை நன்றாகக் குளிரவைத்து, மேலே வரப்போகும் அடுக்கின் அளவுள்ள தகர டின்னை அதன்மேல் மெல்ல அழுத்தி வட்டத் தடம் பதித்துக்கொள்ளுங்கள். அந்தத் தடத்துக்கு ஓர் அங்குலம் உள்ளே குழாய்கள் வர வேண்டும்.

பலர் தவறுவது வெட்டும் இடத்தில்தான். ஒவ்வொரு குழாயையும் அது நிற்கும் இடத்தில் அளந்து வெட்டினால், கேக்கின் மேற்பரப்பில் உள்ள மேடு பள்ளம் அப்படியே மேலடுக்குக்கும் போய்விடும். மேடான இடத்தில் ஒரு குழாயைச் செருகி, பரப்போடு ஒட்டிக் கோடிட்டு, வெளியே எடுத்து வெட்டி, அந்த ஒன்றையே அளவாகக் கொண்டு மற்ற ஐந்தையும் வெட்டுங்கள். மேசைமேல் ஆறையும் நிறுத்தி, அவற்றின்மேல் போர்டை வைத்து, கொத்தனார் பயன்படுத்தும் சிறிய ரசமட்டத்தை அதன்மேல் வையுங்கள். குமிழி நடுவில் நிற்கும்வரை கேக்கைத் தொடாதீர்கள்.

மறுமொழி 2: சென்னை, ஃபாண்டன்ட் வேலை

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். விடுபட்டவற்றை மட்டும் சேர்க்கிறேன். பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதலும் தடை இருப்பதால் அதை மறந்துவிடலாம். அதற்கு மாற்றாகக் கடைகளில் கிடைக்கும் காகித ஸ்ட்ராவைத் தயவுசெய்து தொடாதீர்கள். கேக்கின் ஈரத்தை உறிஞ்சி, ஓரிரவிலேயே அடிப்பகுதி ஊறி நசுங்கிவிடும். மர டௌவல் உறுதியானதே, ஆனால் சமமாக வெட்டுவதற்குச் சிறு ரம்பம் வேண்டும். வெட்டிய முனையை உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் சிராய் கேக்கில் தங்கிவிடும். வார்னிஷ் பூசிய தச்சுக் கம்புகள் கூடவே கூடாது.

நடுக்கம்பு உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். குழாய்கள் மேலிருந்து வரும் எடையைத்தான் தாங்கும்; பிரேக் பிடிக்கும்போது ஏற்படும் பக்கவாட்டு நகர்வை அவற்றால் தடுக்க முடியாது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை சுமார் 55 கிலோமீட்டர் என்பதால், அடிப் பலகையில் கீழிருந்து திருகி நிறுத்திய கம்பே நல்லது. மற்ற இரண்டு போர்டுகளிலும் நடுத்துளையை முன்கூட்டியே போட்டு, அடுக்குகளை ஒவ்வொன்றாக அதில் இறக்குங்கள். எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையாக இருந்தால் கேக் வைத்த பிறகு துளை போடவே முடியாது. மே மாத வெயிலில் கனாஷ் இளகும். கிரீம் ஒரு பங்குக்கு டார்க் சாக்லேட் இரண்டு பங்குக்குக் குறையாமல் சேருங்கள். கேக்கை இருக்கையில் வைக்காமல், காரின் சமதளமான பின்தளத்தில் வழுக்காத விரிப்பின்மேல் வையுங்கள். அந்த இடத்துக்கும் ஏ.சி. காற்று வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3: யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம் அக்கா. இலங்கைத் திருமணங்களில் மேடையில் நிற்கும் கேக் ஸ்ட்ரக்சர் பெரும்பாலும் ரெஜிபோமில் (தெர்மாகோலில்) செய்து ஐசிங் பூசியதாகவே இருக்கும். விருந்தினருக்குக் கொடுக்கும் கேக்கைத் தனியாக வெட்டி, சிறு பெட்டிகளில் வைத்துக் கொடுப்போம். நீங்களும் அடியடுக்கை மட்டும் ரெஜிபோமில் செய்ய, வீட்டார் சம்மதித்தால் ஆறு குழாய்களின் வேலை குறையும், எடையிலும் பாதியளவு குறைந்துவிடும். ஆனால் அவர்களிடம் கேட்காமல் செய்யாதீர்கள். உள்ளே வைத்த குழாய்களின் எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி, கேக் வெட்டுபவரின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வெட்டி முடித்ததும் எண்ணிப் பார்க்கட்டும்.

திருச்சி வீட்டு அடுமனை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டார் மூன்று அடுக்குகளும் உண்மையான கேக்காகவே வேண்டும் என்கிறார்கள். ஆகவே பிளாஸ்டிக் குழாய்களும் திருகிய நடுக்கம்பும் என்று முடிவு செய்துவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை 10 அங்குல அடுக்கை மட்டும் செய்து, ஆறு குழாய்களை ஊன்றி, போர்டின்மேல் மூன்றரை கிலோ அரிசியைக் கட்டி வைத்து, சென்ற ஆண்டு சென்ற அதே வேகத்தடைச் சாலையில் ஒருமுறை போய்வரப் போகிறேன். திரும்பியதும் குழாய்கள் நின்ற நிலையைப் படம் எடுத்து இங்கே இடுகிறேன்.