டிபிஎஃப் சுத்தமாக 600 டிகிரி வேண்டுமா, 300 போதுமா?

பிஸ்டன்வாசி:
டிபிஎஃப், அதாவது டீசல் புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி பற்றி, மைலேஜ் இழையில் டார்க்மன்னன் எழுதியதைப் படித்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. அவர் சொன்னது இதுதான்: “டிபிஎஃப்பில் சேரும் கரி எரிய 600 டிகிரி வேண்டும். டீசல் புகை 300-ஐத் தாண்டுவதே பெரிய விஷயம். நெடுஞ்சாலையில் ஓட்டினால் தானாகச் சுத்தமாகும் என்பது வண்டி விற்பவர்கள் கட்டிவிட்ட கதை. கழற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள்.” அதற்குக் கீழே வரிசையாக நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

250 முதல் 400 டிகிரிக்குள்ளேயே கரி எரியும். டிபிஎஃப்புக்கு முன்னால் பிளாட்டினம் பூசிய ஆக்சிடேஷன் கேடலிஸ்ட் ஒன்று இருக்கிறது. புகையில் வரும் நைட்ரிக் ஆக்சைடை அது நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. வெறும் ஆக்சிஜன் கரியை எரிக்க எவ்வளவு சூடு கேட்குமோ, அதில் பாதியிலேயே இந்த வாயு வேலையைத் தொடங்கிவிடும். 1990களிலேயே பேருந்துகளில் இந்த முறையை வைத்து ஓட்டினார்கள். 300 போதும்.

டார்க்மன்னன்:
என் பெயரைப் போட்டுத் தனி இழையா? சந்தோஷம். ஆனால் பதில் மாறாது: 600. ரீஜெனரேஷன், அதாவது வண்டி தானே சூடேற்றிக் கரியை எரிக்கும் வேலை, ஓடும்போது ஸ்கேனரை மாட்டி, டிபிஎஃப்புக்கு முன்னால் இருக்கும் வெப்ப சென்சாரைப் பாருங்கள். 600-ஐ ஒட்டித்தான் நிற்கும். 300-லேயே வேலை முடியும் என்றால், பிஸ்டன் கீழே இறங்கும் நேரத்தில் என்ஜினை நடத்தும் கணினியான ஈசியூ எதற்காகக் கூடுதல் டீசலைப் பீச்சுகிறது? அந்த டீசல் கேடலிஸ்டில் எரிந்து புகையைச் சூடாக்கத்தானே? புத்தகத்தில் படித்ததை எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை வண்டிக்குக் கீழே குனிந்து பாருங்கள் நண்பரே.

பிஸ்டன்வாசி:
குனிந்து பார்க்காமல் எழுத எனக்கென்ன தலையெழுத்து? நீங்கள் சொல்லும் 600, வண்டி கஷ்டப்பட்டுச் செய்கிற வேலை. நான் சொல்லும் 300, நீளமான சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது எந்த விளக்கும் எரியாமல் அதுபாட்டுக்கு நடப்பது. சுத்தமாகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. ஆகிறது. 300-ல் ஆகிறது.

தேன்கூடு:
எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. 1975-லிருந்து அமெரிக்க கார்களில் கேடலிடிக் கன்வர்ட்டர் இருக்கிறது. பெட்ரோல் வண்டிகள் அதை வைத்துக்கொண்டே இத்தனை வருடம் ஓடவில்லையா? டீசலுக்கு மட்டும் எதற்கு இந்த வடிகட்டித் தொல்லை? நல்ல கன்வர்ட்டர் ஒன்றைப் போட்டால் போதாதா?

பிஸ்டன்வாசி:
தேன்கூடு, கன்வர்ட்டர் வாயுவை மாற்றுகிற சாதனம். அதன் குழல்கள் இரண்டு முனையிலும் திறந்திருக்கும். கார்பன் மோனாக்சைடு உள்ளே போனால் கார்பன் டை ஆக்சைடாக வெளியே வரும், எரியாத பெட்ரோல் ஆவி நீராவியும் கார்பன் டை ஆக்சைடுமாக வரும். கரி வாயு இல்லை, திடப்பொருள். திறந்த குழல் வழியாகப் பெரும்பகுதி நழுவிப் போய்விடும். டிபிஎஃப்பில் ஒரு குழலுக்கு முன்வாய் திறந்து பின்வாய் அடைத்திருக்கும், பக்கத்துக் குழலுக்கு அப்படியே தலைகீழ். புகை நுண்துளைச் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் அடுத்த குழலுக்குப் போக முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். அங்கே தங்கிய கரிதான் 300-ல் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டார்க்மன்னன்:
600-ல்.

தேன்கூடு:
கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பாடம் எடுக்கிறீர்கள். பெட்ரோல் கன்வர்ட்டரில் ரோடியம் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் சேர்த்தே ஒழித்துவிடுகிறது. டீசலிலும் அதையே வைத்தால் என்ன? எல்லாவற்றுக்கும் புதிதாக ஒரு டப்பாவை மாட்டுவதே வழக்கமாகிவிட்டது.

பிஸ்டன்வாசி:
ரோடியம் அந்த வேலையைச் செய்ய புகையில் ஆக்சிஜன் மிஞ்சக்கூடாது. பெட்ரோல் என்ஜினில் காற்றையும் எரிபொருளையும் 14.7-க்கு 1 என்று ஆக்சிஜன் சென்சார் பிடித்து வைத்திருக்கிறது. டீசல் எப்போதும் காற்றை அதிகமாகவே இழுக்கும், ஆக்சிஜன் மிஞ்சும், ரோடியம் கைவிட்டுவிடும். அதனால்தான் நைட்ரஜன் ஆக்சைடுகளை ஒழிக்க, யூரியா கரைசலைப் பீச்சும் எஸ்சிஆர் என்ற சாதனம் தனியாக வந்தது. போதுமா? இப்போது 300-க்கு வருவோம்.

பழையஸ்பானர்:
இரண்டு பேரும் எண்ணைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். ஓடித் தேய்ந்த டிபிஎஃப்பை அறுத்துப் பார்த்தவர் யாராவது இங்கே உண்டா? நான் அறுத்திருக்கிறேன். புகை நுழையும் குழல்கள் கறுப்பு. பக்கத்திலேயே புகை வெளியேறும் குழல்கள் இன்றைக்குச் செய்தது மாதிரி வெளுப்பு. கறுப்புக் குழலின் கடைசி முனையில் பழுப்பு கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு தூள், விரலால் அழுத்தினாலும் அசையாமல் இறுகிக் கிடக்கும். அது கரி இல்லை, சாம்பல். என்ஜின் ஆயிலில் இருக்கும் கால்சியமும் துத்தநாகமும் எரிந்து மிஞ்சியது. உங்கள் 300-க்கும் அசையாது, அவருடைய 600-க்கும் அசையாது. கழற்றிக் கழுவினால்தான் போகும். சாம்பல் குறைவாக விடுகிற ஆயிலை ஊற்றுங்கள் என்று தொண்டை வறளக் கத்தினேன், போன முறை இதே பிஸ்டன்வாசிதான் என்னை ஆயில் வியாபாரி என்றார்.

பிஸ்டன்வாசி:
வியாபாரி என்று சொல்லவில்லை. எல்லாக் கோளாறுக்கும் ஆயில்தான் காரணம் என்று நீங்கள் முடிவு கட்டுவதைத்தான் சொன்னேன். இப்போதும் அதையேதான் செய்கிறீர்கள். பேச்சு கரியைப் பற்றி.

பழையஸ்பானர்:
வியாபாரி என்று எழுதியதை ஊரே பார்த்தது. ஆயில் காரணம் இல்லையென்றால், நகரத்துக்குள்ளேயே ஓடும் டீசல் வண்டியின் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் குறைய வேண்டிய இடத்தில் மட்டம் ஏறியிருக்கும், முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். பாதியில் நின்றுபோன ரீஜெனரேஷன் ஒவ்வொன்றிலும், பீச்சிய டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலுக்குள் இறங்குகிறது. பேரிங் போனபிறகு 300-ஆ 600-ஆ என்று பேசிக்கொள்ளுங்கள்.

டார்க்மன்னன்:
ஸ்பானர் அண்ணன் எனக்குச் சாதகமாகவே பேசிவிட்டார். டீசலைப் பீச்ச வேண்டியிருக்கிறதா? இருக்கிறது. எதற்கு? 600-க்கு ஏற்ற. நான் முதலில் சொன்னதும் அதேதான்.

பழையஸ்பானர்:
உங்களுக்குச் சாதகமாக நான் ஒன்றும் பேசவில்லை. கழற்றி எறி என்கிற ஆளோடு என்னைச் சேர்க்காதீர்கள்.

மௌனவாசகன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒருவர் ஓடும்போது மெதுவாகக் கரைவதைச் சொல்கிறார், இன்னொருவர் ஈசியூ வேண்டுமென்றே எரிப்பதைச் சொல்கிறார். இரண்டும் வேறு வேறு இல்லையா?

டார்க்மன்னன்:
வேறு என்ன வேறு? எரிந்தால் எரிந்தது. 600.

பிஸ்டன்வாசி:
மௌனவாசகன், பழைய பதிவுகளை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள். எந்தப் பெயர் வைத்தாலும் கரி போக 300 போதும் என்பது மாறாது.

டார்க்மன்னன், 2000-ல் வந்த பியூஜோ 607 தெரியுமா? தொழிற்சாலையிலிருந்தே டிபிஎஃப்போடு வந்த கார். சீரியம் கலந்த திரவத்தை டீசலோடு சேர்த்து, கரி எரியும் சூட்டை 450 அருகே இறக்கிவிட்டார்கள். 600-தான் கல்லில் எழுதிய விதி என்றால் அந்தக் கார் எப்படி ஓடியது?

டார்க்மன்னன்:
450 என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். 300 எங்கே போனது? இன்னொன்றும் கேளுங்கள். உங்கள் நைட்ரஜன் டை ஆக்சைடு வித்தை கனரக வண்டிக்குச் சரி. கரி குறைவு, நைட்ரஜன் ஆக்சைடு அதிகம், மணிக்கணக்காகப் பாரம் இழுக்கும். காரில் இஜிஆர் வால்வு புகையைத் திருப்பி என்ஜினுக்குள்ளேயே விடுகிறது. நைட்ரஜன் ஆக்சைடு குறைகிறது, கரி கூடுகிறது. கரியைத் தின்ன வாயு ஏது? அதனால்தான் கார்க்காரன் 600-க்காகக் காத்திருக்கிறான். அந்த அவஸ்தை எதற்கு, கழற்றிவிடு என்கிறேன். புகையை வெளியேற விடாமல் என்ஜின் பக்கம் தள்ளும் பேக் பிரஷர் குறையும், மைலேஜ் கூடும்.

பிஸ்டன்வாசி:
குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமா? மெதுவாக எரியும், அவ்வளவுதான். அதிலும் 300-ல்தான் எரியும்.

கழற்று கழற்று என்கிறீர்களே, அந்தக் கரி எங்கே போகும் என்று ஒருமுறையாவது எழுதினீர்களா? டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் முதல் பிரிவிலேயே சேர்த்தது. ஐரோப்பாவின் புகை விதியான யூரோ 4-ல் டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வரை விட்டுவைத்தார்கள். யூரோ 5-ல் அதை 5-க்கு இறக்கினார்கள். டிபிஎஃப் இல்லாமல் அந்த அளவைத் தொடுவது நடக்கிற காரியமா? சைலன்சர் உயரத்தில் மூக்கு இருக்கிற குழந்தைகள் சாலையோரம் நடந்து போகிறார்கள். உங்கள் மைலேஜுக்காக அவர்கள் அதை இழுக்க வேண்டுமா?

டார்க்மன்னன்:
உடனே குழந்தைகளைக் கொண்டுவந்தாயிற்று. 2015 வரை வோக்ஸ்வாகன் மென்பொருளை வைத்துச் சோதனையையே ஏமாற்றியபோது உங்கள் விதிகள் எங்கே தூங்கின? பெரிய நிறுவனம் செய்தால் தொழில்நுட்பம், நான் கழற்றினால் குற்றமா?

பிஸ்டன்வாசி:
அது நைட்ரஜன் ஆக்சைடு மோசடி. கரிக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். பிடிபட்டதும் அபராதம் கட்டினார்கள். நீங்கள் அதைப் பெருமையாக இங்கே எழுதுகிறீர்கள்.

தேன்கூடு:
ஈயம் கலந்த பெட்ரோல் கன்வர்ட்டரைக் கெடுக்கும் என்கிறார்களே, டீசலிலும் அப்படி ஏதாவது உண்டா?

பழையஸ்பானர்:
உண்டு, கந்தகம். அதையும் சொன்னால் என்னை டீசல் வியாபாரி என்பார்.

பிஸ்டன்வாசி:
ஸ்பானர், அந்த ஒரு சொல்லை எத்தனை நாள் தூக்கிச் சுமக்கப் போகிறீர்கள்? கந்தகம் கேடலிஸ்டை மந்தமாக்கும், ஒப்புக்கொண்டவன் நான். கந்தகம் நீக்கிய டீசலை ஊற்றினால் 300-லேயே வேலை நடக்கும்.

டார்க்மன்னன்:
நாளைக்கு ஸ்கேனர் படம் போடுகிறேன். அதில் 600 இருக்கும்.

பிஸ்டன்வாசி:
போடுங்கள். நெடுஞ்சாலையில் ஓடும்போது கரி அளவு சொட்டுச் சொட்டாகக் குறைவதை நான் போடுகிறேன். அதில் வெப்பம் 320-ஐத் தாண்டியிருக்காது.

பழையஸ்பானர்:
இரண்டு பேரும் போடும்போது எந்த ஆயில் ஊற்றியிருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.