படகோட்டிக்கு அழுவுற அப்பா காளிக்கு ஏன் அழல?

பாம்பன்காரன்:
அண்ணன்மாரே அக்காமாரே, ரொம்ப நாளா மனசுல ஓடுற விசயம், கேட்டுர்றேன். எங்கப்பா நாப்பது வருசமா வத்தையில கடலுக்குப் போறவுக. டிவில படகோட்டி போட்டா வலை பொத்துறதப் பாதியில வச்சுட்டு வந்து உக்காந்துருவாக, வாலி எழுதின அந்தக் கடல் பாட்டு வந்தா கண்ணு கலங்கிரும். எனக்கு அதுல எம்ஜிஆரப் பாத்தா மீன்புடிக்கிற ஆளாவே தெரியல, சட்டையில ஒரு செதில் ஒட்டிருக்காது. அப்பாவுக்கு தங்கூசி நரம்பு இழுத்து இழுத்து ஆள்காட்டி விரல் மடிப்புல கறுப்பா ஒரு வெட்டு, உப்புத்தண்ணில ஊறி ஊறி ஆறவே மாட்டேங்குது. எனக்கு நிஜமான ஆளுன்னா முள்ளும் மலரும் படத்துல ரஜினி நடிச்ச காளிதான். விஞ்ச் ஓட்டுறவன், கோவக்காரன், லாரி ஏறி ஒரு கை போயும் முறுக்கு கொறையாதவன், தங்கச்சிய அந்த இன்ஜினியருக்குக் குடுக்கும்போது கூட உன்னைய எனக்கு இப்பவும் புடிக்கலன்னு நேருக்கு நேரா சொல்றவன். எங்க தெருவுலயே அப்படி நாலு பேரு இருக்காக. நம்மள மாதிரி இருக்குறவன விட்டுட்டு நம்மள மாதிரி இல்லாதவனுக்கு ஏன் அழுவுறாக?

தங்கச்சிமடத்தான்:
தம்பி, அந்தப் படம் வந்தது 1964 தீபாவளிக்கு. அடுத்த மாசம் டிசம்பர் 22 ராத்திரி புயல்ல தனுஷ்கோடியே போச்சு. படம் நம்ம பக்கம் டூரிங் கொட்டகைக்கு வர்றதுக்குள்ள எத்தன வீட்டுல ஆளு கொறஞ்சு போச்சு. மணலக் குவிச்சு உக்காந்து பாத்தவுக எல்லாம் அந்தச் சனம்தான். செதில் ஒட்டிருக்கான்னு யாரு பாத்தா? வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கியிருப்போம், அவரு சொன்ன வெலைக்குத்தான் மீனு, வாயத் தொறக்க முடியாது. படத்துல ரெண்டு குப்பத்தையும் மோத விட்டு நம்பியாரு லாபம் பாக்குறாரு, எம்ஜிஆரு எந்திரிச்சு ஏன்னு கேக்குறாரு, எங்களுக்கு வராத வார்த்தை அவருக்கு வந்துச்சு. விடிய விடிய போயி வெறும் வலையோட வந்தவனுக்கு இன்னொரு வெறும் வலையவா காட்டுவீக? நீ சொல்ற காளி நல்ல ஆளுதான், இல்லங்கல. ஆனா அவனப் பாக்க நான் காசு குடுத்துப் போகணுமான்னு அப்ப தோணும்.

கீழக்கரை காக்கா:
ஒண்ணு கவனிச்சீங்களா, 1977ல 16 வயதினிலே படத்துல பரட்டையா வில்லத்தனம் பண்ணி அடுத்த வருசமே காளியா வந்தவரத்தான் பின்னால நம்ம சனம் தோக்கவே கூடாத ஆளா ஆக்கிருச்சு. எங்க வாப்பா தலைமுறைக்கு எம்ஜிஆரு, எங்களுக்கு இவரு. தோக்குற ரஜினியப் பாக்க எங்களுக்கே மனசு வரல, தம்பியோட அப்பாவ எப்படி கொறை சொல்றது?

மண்டபம் பொண்ணு:
எல்லாரும் ஆம்பளைகளப் பத்தியே பேசுறீங்க. நிஜமான கடல் படம்னு எல்லாரும் சொல்றது மலையாளத்துல வந்த செம்மீன், 1965. அதுல புருசனா வர்ற பழனி நெசமான ஆளுதான், ஒத்துக்குறேன். ஆனா கரையில பொண்டாட்டி ஒழுக்கமா இருந்தாத்தான் கடல்ல புருசன் உசுரோட திரும்புவான்ங்குறதுதானே கதையே? காத்தும் நீரோட்டமும் எங்க ஒழுக்கத்தப் பாத்தா அடிக்குது? எங்கம்மா கடல்பாசி எடுக்கப் போறவுக. விடியக்காலம் விரல் விரலா துணி சுத்தி இறுக்கி முடிச்சுப் போடுவாக, அந்த முடிச்ச பல்லால கடிச்சு இழுக்குறது நான்தான். சேலையத் தாறு பாய்ச்சி மேல பனியன், கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ரப்பர் செருப்பு, மூச்சடக்கி முங்கிப் பாறையில இருந்து பிச்சுக்கிட்டு வருவாக. பழைய படத்துல கடக்கரைப் பொம்பளைன்னா கரையில நின்னு கைய நெத்தியில வச்சுப் பாக்குறவ மட்டும்தான். எங்கம்மா மாதிரி ஒருத்திய நான் ஒரு படத்துலயும் பாக்கல, வீர நாயகியாவும் பாக்கல, சாதாரண ஆளாவும் பாக்கல.

பாம்பன்காரன்:
அக்கா, நீங்க எழுதினத அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன். எங்க அப்பத்தாவும் பாசிக்குப் போனவுகதானாம், இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அப்பத்தா மடியில உக்காந்துதான் கொட்டகையில அந்தப் படத்தப் பாத்தாகளாம், பாட்டு ஓடும்போது அப்பத்தா கையில சுத்தியிருந்த ஈரத்துணி இவுக கன்னத்துல பட்டுச்சாம், அதுக்கு மேல சொல்லல. முள்ளும் மலரும் முழுசா பாத்ததே இல்லையாம். நாளைக்குக் கடலுக்குப் போற நாளு, ஞாயித்துக்கெழம ரெண்டு பேருமா உக்காந்து பாக்கலாம்னு சொல்லிருக்கேன்.